ஈகையும் நீதியும்: இலண்டன் கிழக்குப் பகுதியின் பள்ளி மிஷன்களும் இளைஞர் மன்றங்களும்

முன்னுரை

வசதி படைத்தோர் பயிலும் பள்ளியொன்று, நகரத்தின் நடுவில் வறுமையில் வாடும் இளைஞருக்கென மன்றமொன்றைத் தாங்கி நடத்துவது பாராட்டுக்குரிய அறம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வறம் யாரை மாற்றுகிறது, எதுவரை மாற்றுகிறது என்ற வினாவைத் திருச்சபை அடிக்கடி எழுப்புவதில்லை. கொடுப்பவன் கொடுத்து மகிழ்கிறான்; பெறுபவன் பெற்று நன்றி கூறுகிறான்; இருவருக்கும் இடையிலுள்ள தூரமோ பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகிறது. இவ்வினாவுக்கு விடை தேடுவோருக்கு இங்கிலாந்தின் திருச்சபை வரலாற்றில் ஒரு பகுதி பெரிதும் பயன்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர், ரெப்டன், ஹெய்லிபரி முதலிய பள்ளிகள் ஏழையர் வாழும் நகர்ப்பகுதிகளில் தொடங்கிய மிஷன்களும், அவற்றினின்று கிளைத்த இளைஞர் மன்றங்களுமே அப்பகுதியாகும். அவை தோன்றிய சூழலையும், அவற்றுள் இரண்டு மன்றங்களின் கதையையும், அவை நமக்கு விட்டுச் சென்ற படிப்பினையையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. பின்னணி

'பப்ளிக் பள்ளிகள்' என்று இங்கிலாந்தில் வழங்கப்படும் பள்ளிகள் பெயரளவில்தான் பொதுப் பள்ளிகள். உண்மையில் அவை செல்வரும் உயர்குடியினரும் தம் புதல்வரை அனுப்பும் உறைவிடப் பள்ளிகள். ஆயர்களும் அமைச்சர்களும் படைத்தலைவர்களும் அங்கிருந்தே வந்தனர். அப்பள்ளிகளுக்கு அப்பால் இன்னொரு உலகம் இருந்தது. இலண்டனின் கிழக்குப் பகுதியில் துறைமுகக் கூலிகள் அதிகாலையில் துறைமுக வாயிலில் கூடி நிற்பர். அன்றைய வேலைக்கு அழைக்கப்பட்டவன் உண்பான், அழைக்கப்படாதவன் வெறுங்கையுடன் திரும்புவான். தையல் தொழிலில் குடும்பம் முழுவதும் ஒற்றை அறையில் இரவு பகலாக உழைத்தது. சிறுவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பள்ளியை விட்டு, ஏவலாளாகவும் வண்டியின் பின்னால் ஓடும் பையனாகவும் வேலைக்குச் சென்றனர். வயது ஏறி, ஆடவனுக்குரிய கூலி கேட்கும் நிலை வந்ததும் வேலையினின்று நீக்கப்பட்டனர். மாலையில் அவர்களுக்கு இருந்தவை நெருக்கமான வீடும் தெருவும் மதுக்கடையுமே.

1883ஆம் ஆண்டு காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்த ஆண்ட்ரூ மேர்ன்ஸ் வெளியிட்ட சிறுநூல் ஒன்று இலண்டன் ஏழையரின் இருப்பிட அவலத்தை வெளிப்படுத்தி, படித்தவர்களின் மனச்சான்றைக் குத்தியது. சார்லஸ் பூத் 1880களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு, வறுமையின் அளவைத் தெருத்தெருவாகக் கணக்கிட்டது. இதற்கிடையே இறையியலிலும் ஒரு திருப்பம் ஏற்பட்டிருந்தது. எஃப். டி. மாரிஸின் கிறிஸ்தவ சமவுடைமைச் சிந்தனை, கிறிஸ்துவின் மனுவுருவேற்பை மீட்பின் தொடக்கமாக மட்டுமன்றி மானிட சமூகம் முழுவதற்கும் உரிய உண்மையாகவும் காணக் கற்பித்தது. கடவுள் மனிதரிடையே வந்து குடியிருந்தார் எனில், அவருடைய ஊழியர் ஏழையரிடமிருந்து விலகி நின்று காசு வீசுவது எங்ஙனம் தகும் என்ற கேள்வி இளம் உள்ளங்களில் எழுந்தது.

2. பள்ளி மிஷன்களின் தோற்றம்

இம்முயற்சிக்கு வழிகாட்டியது அப்பிங்காம் பள்ளி. புகழ்பெற்ற தலைமையாசிரியராகிய எட்வர்ட் திரிங்கின் காலத்தில், 1869ஆம் ஆண்டு, அப்பள்ளி இலண்டன் வடக்கு வுல்விச்சில் மிஷன் ஒன்றை ஆதரிக்கத் தொடங்கியது. 1880இல் ஈட்டன் பள்ளி ஹாக்னி விக் பகுதியைத் தேர்ந்துகொண்டது. ஹாரோ பள்ளி 1883இல் மேற்கு இலண்டனின் நாட்டிங் டேல் பகுதியில் பணி தொடங்கியது. ரெப்டன் பள்ளி 1884இல் பெத்னல் கிரீனில் சிறுவர் மன்றம் கண்டது. வின்செஸ்டர் பள்ளியோ போர்ட்ஸ்மவுத் துறைமுக நகரின் லாண்ட்போர்ட் பகுதியில் பணியாற்றியது.

பெரும்பாலும் இவை ஒரே மாதிரியாக அமைந்தன. பள்ளி மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் காணிக்கை சேர்ப்பர்; அந்நிதியைக் கொண்டு குருவானவர் ஒருவர் அமர்த்தப்படுவார்; தற்காலிகக் கூடமொன்றில் ஆராதனை தொடங்கும்; காலப்போக்கில் ஆலயம் எழும்பும்; ஆலயத்தை ஒட்டிச் சிறுவர் மன்றம், உடற்பயிற்சிக் கூடம், நூல் நிலையம் ஆகியவை தோன்றும். ஈட்டன் மிஷனின் முதல் குருவாகிய வில்லியம் கார்ட்டர் பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனின் பேராயரானார். கட்டடக் கலைஞர் பாட்லி வரைந்த ஈட்டன் தூய மரியாள் ஆலயம் 1892இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இப்பணியாளருள் லாண்ட்போர்ட்டில் 1885 முதல் பத்தாண்டுகள் உழைத்த இராபர்ட் டாலிங் தனித்து நோக்கத்தக்கவர். அவர் தம் இல்லத்தின் கதவை அடைக்கவில்லை. மாலுமிகளும், சிறையினின்று வந்தவர்களும், வேலையற்ற வாலிபரும் அவருடன் ஒரே மேசையில் உணவருந்தினர். உடற்பயிற்சிக் கூடம் அவருக்கு ஆலயத்தின் ஓர் அங்கமாகவே விளங்கியது. வழிபாட்டு ஒழுங்கு பற்றி, குறிப்பாகப் புதிய ஆலயத்தின் மூன்றாம் பலிபீடம் பற்றி, ஆயர் டேவிட்சனுடன் எழுந்த கருத்து வேறுபாட்டால் அவர் பதவி விலக நேர்ந்தது. அவருடைய வழிபாட்டுக் கொள்கைகளை நாம் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் ஏழையரை விருந்தினராக மதித்த அவருடைய மனப்பாங்கைப் புறக்கணிக்க இயலாது.

இம்மிஷன்கள் பெருகிய நாளிலேயே அவற்றின் குறையைச் சுட்டிக் காட்டியவரும் ஒரு குருவானவரே. ஒயிட்சாப்பலில் தூய யூதா ஆலயத்தின் குருவாக 1873 முதல் பணியாற்றிய சாமுவேல் பார்னெட், 1883இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் வேறொரு வழியை முன்வைத்தார். பணம் அனுப்பி வேறொருவரை அமர்த்துவதற்கு மாறாக, கற்றவர்களே ஏழையரிடையே குடியேறி, அவர்களுடைய அயலாராக வாழ்ந்து, கற்பிப்பதோடு கற்கவும் வேண்டும் என்றார். 1884ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் திறக்கப்பட்ட டாயின்பி இல்லம் அவ்வுரையின் கனியாகும். பிற்காலத்தில் வில்லியம் பெவரிட்ஜும், கல்கத்தாவில் பிறந்தவராகிய ஆர். எச். டானியும் அங்குத் தங்கிப் பணியாற்றினர். காசு அனுப்புவதா, ஆளாகச் செல்வதா என்ற பார்னெட்டின் வினா இவ்வரலாறு முழுவதிலும் தொடர்ந்து ஒலிப்பதைக் காண்கிறோம்.

3. ஸ்டெப்னியில் ஹெய்லிபரி மன்றம்

ஹெய்லிபரி என்னும் பெயர் நம் நாட்டு வரலாற்றுக்கும் தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க 1806இல் ஒரு கல்லூரியைத் தொடங்கி, 1809இல் அதனை ஹெய்லிபரியில் நிலைநாட்டியது. 1858 வரை அக்கல்லூரியில் பயின்றோர் சென்னை மாகாணம் உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்தனர். அங்கே 1805 முதல் 1834 வரை பேராசிரியராக விளங்கியவர் தாமஸ் மால்தஸ். இவரும் ஆங்கிலிக்கன் குருவானவரே. ஏழையருக்கு அரசு வழங்கும் உதவி மக்கள்தொகையைப் பெருக்கி வறுமையையே வளர்க்கும் என்று அவர் வாதிட்டார். அவர் மறைந்த 1834ஆம் ஆண்டிலேயே, அத்தகைய எண்ணங்களின் செல்வாக்குடன், ஏழையர் பணிவிடுதிகளைக் கடுமையாக்கிய புதிய ஏழைகள் சட்டம் நிறைவேறியது.

கம்பெனிக் கல்லூரி மூடப்பட்டபின், அதே கட்டடங்களில் 1862இல் ஹெய்லிபரிப் பள்ளி தொடங்கப்பட்டது. அப்பள்ளியின் பழைய மாணவர்கள் ஸ்டெப்னியில் 'ஹெய்லிபரி இல்லம்' என்ற பெயரில் உழைக்கும் சிறுவர்களுக்கான மன்றமொன்றை ஆதரித்தனர். பதினான்கு முதல் பதினெட்டு வயதுவரை உள்ள சிறுவர்கள் மாலையில் அங்குக் கூடினர். விளையாட்டும் உடற்பயிற்சியும் உண்டு. இராணுவச் சாயலுடைய அணிவகுப்புப் பயிற்சியும் உண்டு. சீருடையை அணிந்த சிறுவன் தன் கிழிந்த உடையைச் சிறிது நேரம் மறந்தான். அதே வேளையில், கீழ்ப்படிதலையும் பேரரசுப் பற்றையும் ஏழைச் சிறுவரிடம் வளர்க்கும் கருவியாகவும் அப்பயிற்சி அமைந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

1905ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், வழக்கறிஞர் தொழிலுக்குப் பயின்றுகொண்டிருந்த இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் தம் சகோதரருடன் இம்மன்றத்தைக் காண வந்தார். அவர் ஹெய்லிபரியின் பழைய மாணவர். பெயர் கிளமெண்ட் அட்லி. அவர் பிறந்த குடும்பம் பக்தியும் பரோபகாரமும் நிறைந்தது. சகோதரி ஒருவர் தென்னாப்பிரிக்காவில் மிஷனரியாகப் பணியாற்றினார். சகோதரர் டாம், மாரிஸின் சிந்தனையில் ஊறியவர். கிளமெண்ட் அட்லியோ அந்நாளில் பழமை விரும்பி. வறுமை பெரும்பாலும் ஏழையரின் தனிப்பட்ட குறையால் விளைவது என்ற அக்காலப் பொதுக் கருத்தே அவருக்கும் இருந்தது. ஒருமுறை பார்த்துச் செல்லலாம் என்று வந்தவர் வாரந்தோறும் வரத் தொடங்கினார். 1907இல் மன்றத்தின் மேலாளர் பொறுப்பை ஏற்று அங்கேயே குடியேறினார். அப்பொறுப்புக்குரிய சம்பளம் ஆண்டுக்கு 50 பவுன்.

அங்கு வாழ்ந்தபோது அவர் கண்டது என்ன? ஒழுக்கம் கெட்ட சோம்பேறிகளை அவர் காணவில்லை. கடுமையாக உழைத்தும் பட்டினி கிடந்த குடும்பங்களைக் கண்டார். பகிர்ந்துண்ணும் அயலாரைக் கண்டார். வேலை நின்ற வாரத்தில் பிள்ளைகளின் முகம் வாடுவதைக் கண்டார். தெருவில் தம்முடன் நடந்து வந்த ஒரு சிறுமியைப் பற்றி அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அவர் மாலைத் தேநீருக்கு வீடு திரும்புவதாகக் கூறினார். அவளோ, வீட்டில் தேநீர் இருக்கிறதா என்று பார்க்கப் போவதாகக் கூறினாளாம். வீட்டில் உணவு காத்திருப்பவனுக்கும், உணவு உண்டா இல்லையா என்று அறியாதவளுக்கும் இடையிலுள்ள வேற்றுமை அவ்விரு வார்த்தைகளில் அடங்கிவிட்டது.

மன்றம் மாலையில் ஒரு சிறுவனுக்கு விளக்கொளியும் தோழமையும் தரலாம். ஆனால் அவன் தந்தைக்கு நாளைக் காலையில் வேலை தர அதனால் இயலாது. இதை உணர்ந்த அட்லி 1908இல் சுயேச்சைத் தொழிற்கட்சியில் சேர்ந்தார். 1909இல், ஏழைகள் சட்டத்தை அகற்றுமாறு பியாட்ரிஸ் வெப் முதலியோர் சிறுபான்மை அறிக்கையின் வாயிலாக நடத்திய இயக்கத்தில் உழைத்தார். பின்னர்ச் சிறிது காலம் டாயின்பி இல்லத்தின் செயலாளராகவும் இருந்தார். 1919இல் ஸ்டெப்னியின் நகரத் தலைவரானார். 1920இல் அவர் வெளியிட்ட நூல் சமூகப் பணியாளரைப் பற்றியது. ஈகையின் எல்லைகளையும் குடிமகனின் உரிமையையும் அது விவாதித்தது. 1922இல் லைம்ஹவுஸ் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார்.

1945 முதல் 1951 வரை அவர் பிரதமராக இருந்த காலத்தில் தேசியக் காப்புறுதிச் சட்டம் 1946இல் இயற்றப்பட்டது. தேசிய மருத்துவச் சேவை 1948இல் தொடங்கியது. அதே ஆண்டில் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழைகள் சட்டத்துக்கு முடிவு கட்டியது. ஹெய்லிபரியில் கற்பித்த ஒரு குருவானவரின் எண்ணங்கள் வலுவூட்டிய அமைப்பை, அதே ஹெய்லிபரியில் பயின்று ஸ்டெப்னிச் சிறுவரிடம் மீண்டும் பாடம் கற்ற ஒருவரின் அரசு அகற்றியது. சைமன் குழுவின் உறுப்பினராக 1928இலும் 1929இலும் இந்தியாவுக்கு வந்தவரும், 1947இல் நம் விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றிய அரசின் தலைவரும் இவரே என்பதையும் நினைவிற் கொள்வது தகும்.

அட்லி திருச்சபையின் விசுவாச அறிக்கையை உறுதியாகப் பற்றியவர் அல்லர். கிறிஸ்துவின் ஒழுக்க போதனையை மதித்தார்; கோட்பாட்டளவில் விலகியே நின்றார். திருச்சபைச் சூழலில் பிறந்த ஒரு பணி, கோட்பாட்டை ஏற்காத ஒருவரைக் கூட அயலானின் துயரத்துக்கு விடை தேடும் கடமைக்கு அழைத்துச் சென்றது. எரிகோ சாலையில் இறங்கி நின்றவன் ஆசாரியன் அல்லன், சமாரியனே என்பதை நாம் மறக்கலாகாது.

4. ஹாக்னி விக்கில் ஈட்டன் மேனர்

அட்லி பிறந்த 1883ஆம் ஆண்டிலேயே பிறந்த மற்றொருவர் ஆர்தர் வில்லியர்ஸ். இவர் உயர்குடியினர், ஈட்டனில் பயின்றவர், பேரிங்ஸ் வங்கியின் இயக்குநர்களுள் ஒருவரானவர். ஜெரால்ட் வெல்லஸ்லி முதலிய ஈட்டன் நண்பர்களுடன் இவர் ஹாக்னி விக் சிறுவர் மன்றப் பணியில் ஈடுபட்டார். 1909இல் தோன்றிய ஈட்டன் மேனர் மன்றம் 1913இல் தனக்கெனப் புதிய கட்டடம் பெற்று, மிஷனின் ஆலயப் பணியினின்று தனித்து வளர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின்னர், 'காட்டுவெளி' என்று பொருள்படும் பெயருடன் ஏறத்தாழ 30 ஏக்கர் பரப்பில் விளையாட்டுத் திடல் அமைந்தது. கல் பாவிய முற்றமன்றி வேறு திடல் அறியாத சிறுவர் புல்வெளியில் பந்தாடினர். இம்மன்றத்தின் குத்துச்சண்டை வீரர் ஹாரி மாலின் 1920, 1924 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கப் பதக்கம் வென்றார். 1948ஆம் ஆண்டு வெம்பிளியில் ஒலிம்பிக் வீரர் ஓடிய தடம் பின்னர் இத்திடலுக்குக் கொணரப்பட்டது.

வில்லியர்ஸ் மணம் புரியவில்லை. தம் செல்வத்தைப் பெருமளவில் மன்றத்துக்கே செலவிட்டு, ஹாக்னி விக்கிலேயே வாழ்ந்து, 1969இல் மறைந்தார். ஏழையருடன் உறைதல் என்னும் அளவுகோலால் நோக்கின், சில ஆண்டுகளில் மன்றத்தை விட்டு அரசியலுக்குச் சென்ற அட்லியினும் இவர் ஒருபடி மேலானவர் எனலாம். ஆயினும் அவர் கொடைவள்ளலாகவே வாழ்ந்து கொடைவள்ளலாகவே மறைந்தார். அச்சிறுவர்கள் ஏன் திடலின்றி, கல்வியின்றி, நிலையான வேலையின்றி இருந்தனர் என்ற வினாவைப் பொது வாழ்வில் எழுப்பும் பணியை அவர் மேற்கொள்ளவில்லை.

மன்றத்தின் முடிவு சிந்தனைக்குரியது. நெடுஞ்சாலைத் திட்டம் கட்டடத்தை நெருக்கிய வேளையில், 1967இல், பொறுப்பாளர்களின் முடிவால் அது மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு வளர்ந்தவர்களுக்கு அது பேரிழப்பு. எனினும் அம்முடிவைத் தடுக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. ஒரு சிலர் அன்புடன் கொடுத்ததை, ஒரு சிலரே முடித்துவிடவும் முடிந்தது. அத்திடல் பின்னர் 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளின் வளாகத்துள் சேர்ந்தது.

ரெப்டன் பள்ளி தொடங்கிய மன்றத்தின் கதை இதற்கு மாறானது. 1971இல் பள்ளியின் தொடர்பு முடிவுற்றது. ஆனால் மன்றம் அழியவில்லை. பெத்னல் கிரீன் மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டு குத்துச்சண்டை மன்றமாக நடத்தினர். பெயர் மட்டும் பழைய கொடையாளரை நினைவூட்டி நின்றது. நாட்டிங் டேலிலோ, நார்மன் ஷா வரைந்த ஹாரோ மிஷன் ஆலயமே பிற்காலத்தில் இளைஞர் மன்றமாக உருமாறியது. ஆலயத்தை ஒட்டி மன்றம் தோன்றிய இயக்கத்தில், ஆலயம் மறைந்து மன்றம் எஞ்சிய இந்நிகழ்ச்சி சபை ஊழியரை ஆழ்ந்து எண்ணச் செய்யும்.

5. மதிப்பீடு

இவ்வரலாற்றினின்று மூன்று உண்மைகளைப் பெறுகிறோம்.

முதலாவது, உடனிருத்தலின்றி ஈகை அறிவு பெறுவதில்லை. பள்ளியில் காணிக்கைப் பெட்டியில் காசு இட்ட நூற்றுக்கணக்கான மாணவர் ஸ்டெப்னியைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் அக்காசினால் மாறியிருக்காது. அங்கே குடியேறியவரின் எண்ணம் மாறியது. கொடுப்பவன் கற்கும் மாணவனாக அமரும் இடத்திலேதான் ஈகை மெய்யான அருட்பணியாகிறது.

இரண்டாவது, உடனிருத்தல் மட்டும் நீதியாகிவிடாது. வில்லியர்ஸின் வாழ்நாள் தியாகத்தை எவரும் எளிதாக எண்ணலாகாது. அட்லியின் சட்டங்கள் வரும்வரை எந்தச் சிறுவனும் இருட்டில் காத்திருக்க இயலாது. இன்றிரவே அவனுக்கு ஒரு கூடமும் நண்பனும் தேவை. ஆயினும் கூடத்தைத் திறந்து வைத்தவன், தெருவில் அவனை நிறுத்தியது எது என்று கேளாதிருப்பானாயின், அவன் பணி பாதியில் நிற்கிறது. காயம் கட்டுவதும் சாலையைக் காவல் செய்வதும் ஒரே அன்பின் இரு செயல்கள். ஆமோஸ் தீர்க்கன் வேண்டியதும், சமாரியன் செய்ததும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

மூன்றாவது, மன்றம் யாருடையது என்பதை இளைஞர் சொல்ல முடியவேண்டும். இம்மன்றங்களில் சிறுவர் பெற்றது மிகுதி. முடிவு செய்தது குறைவு. சிறுமியரோ அவற்றில் இடம் பெறவே இல்லை. மாட் ஸ்டான்லி அம்மையார் 1880இல் சோஹோவில் உழைக்கும் பெண்களுக்கென மன்றம் கண்டு ஒன்றியமும் அமைத்தது அதனாலேயே இன்றியமையாததாயிற்று. எவருடைய நலனுக்காக ஒரு பணி நடைபெறுகிறதோ அவர்கள் அதன் நிர்வாகத்தில் அமராதவரை, அது எத்துணை அன்புடன் நடத்தப்பட்டாலும் பிறர் தயவில் நிற்கும் பணியே. ஈட்டன் மேனரின் முடிவும் ரெப்டனின் தொடர்ச்சியும் இதற்குச் சான்று.

முடிவுரை

நம் திருச்சபைகளும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்துகின்றன. அவற்றுள் சில இன்று வசதியுள்ளோரின் பிள்ளைகள் நாடும் நிறுவனங்களாக உயர்ந்துள்ளன. அவற்றின் மதிலுக்கு அப்பால் மாலை நேரத்தில் போக்கிடமின்றி நிற்கும் இளைஞரும் உளர். ஆண்டுக்கொருமுறை நிதி திரட்டி, பொருள் வழங்கி, நிழற்படம் எடுத்துத் திரும்பும் பணியைப் பற்றி ஸ்டெப்னியின் வரலாறு நம்மை மூன்று கேள்விகள் கேட்கிறது. நம் மாணவருள் எவரேனும் அங்குத் தங்கிக் கற்கின்றனரா? அங்குக் கண்டதைப் பற்றிச் சபையின் பிரசங்க பீடத்திலும் ஊராட்சியின் அவையிலும் பேசுகின்றனரா? நாம் விலகினாலும் அப்பணியைத் தொடர்ந்து நடத்தும் உரிமையும் ஆற்றலும் அவ்விளைஞர் கையில் உள்ளனவா?

இறையியல் மாணவர்கள் தம் களப்பணிக் காலத்திலேயே இக்கேள்விகளை எழுப்பப் பழகுவது நலம். சபைப் பொறுப்பேற்ற பின்னர்க் கணக்கும் கட்டடமும் நம் நேரத்தை விழுங்கிவிடும். ஒருமுறை காண வந்த இளைஞரை ஸ்டெப்னி பல ஆண்டுகள் தன்னிடம் நிறுத்திக்கொண்டது. நம் மாணவரும் அவ்வாறு நின்று கற்க, நம் கல்லூரிகளும் சபைகளும் இடமும் காலமும் ஒதுக்கித் தருமாக.